நீல ஓட்டையின் கதை: ஒலி அட்டை ரேடியோவாக மாறிய வரலாறு

மேசைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் பார்த்தால் மூன்று சின்ன ஓட்டைகள் இருக்கும். பச்சையில் ஸ்பீக்கர் செருகுவோம். ரோஸ் நிறத்தில் மைக். மூன்றாவது நீல நிறம். அதில் யாரும் எதையும் செருகி நான் பார்த்ததில்லை. அதன் பெயர் லைன்-இன். இந்தக் கட்டுரை அந்த நீல ஓட்டையைப் பற்றியது.

பொழுதுபோக்காக ரேடியோ நிலையம் நடத்துபவர்களை ஹாம் என்பார்கள். அரசு நடத்தும் தேர்வை எழுதி, லைசென்ஸ் வாங்கி, தனக்கென ஓர் அழைப்புக்குறி பெற்று, வீட்டு மொட்டைமாடியில் கம்பி கட்டி உலகத்தோடு பேசுகிறவர்கள். இந்தியாவில் 12 வயது முடிந்தால் போதும், தேர்வு எழுதலாம். லைசென்ஸ் இல்லாமல் அலை அனுப்புவது குற்றம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் என் மேல் பழி போடாதீர்கள் :)

நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. இந்தியாவின் முதல் ஹாம் லைசென்ஸ் 1921ல் கொடுக்கப்பட்டது. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் சென்னையில் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார். ஜூலை 31ஆம் தேதி ஒலிபரப்பும் ஆரம்பித்தது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயரே அப்போது கிடையாது. பொழுதுபோக்குக்காரர்கள் சேர்ந்து நடத்திய நிலையம் அது. மூன்று வருஷத்தில் காசில்லாமல் மூடிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பு நடத்தியது. காசு இல்லாமல் நின்றுபோவது என்பது இந்தத் துறையின் நூறு வருஷப் பாரம்பரியம் போலிருக்கிறது.

இந்திய ஹாம்களின் பெரிய பிரச்சினை எப்போதும் கருவிதான். வெளிநாட்டுப் பெட்டி என்றால் விலை ஒரு பக்கம், சுங்கவரி இன்னொரு பக்கம். தானே ஹாமாக இருந்த ராஜீவ் காந்தியின் காலத்தில், 1984ல், அந்த வரி விலக்கப்பட்டது. அப்படியும் பேசுவதற்கும் மோர்ஸ் தட்டுவதற்குமான பெட்டி கிடைப்பதே பெரும்பாடு. எழுத்தையோ படத்தையோ அலையில் அனுப்ப வேண்டுமென்றால் தனிக் கருவி வேண்டும். பழைய காலத்தில் அது டெலிபிரிண்டர் இயந்திரம். தூக்கவே இரண்டு ஆள் வேண்டும். பிறகு மோடம் பெட்டிகள் வந்தன, ஆனால் ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வொரு பெட்டி. சம்பளக்காரரால் முடியாது, மாணவனுக்குக் கனவிலும் நடக்காது.

இந்த இடத்தில்தான் ஒலி அட்டை உள்ளே வருகிறது. அதுவும் வாசல் வழியாக வரவில்லை, விளையாட்டு வழியாக வந்தது.

சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989ல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. கம்ப்யூட்டர் கேம் விளையாடும்போது 'டுமீல்' சத்தம் ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் மக்கள் அதை வாங்கினார்கள். 1992ல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16, சிடி தரத்தில், அதாவது நொடிக்கு 44,100 முறை 16 பிட் துல்லியத்தில், இரண்டு சேனல்களாக ஒலியைப் பதிந்தது. 1997ல் இன்டெல் ஏசி'97 என்ற தர அமைப்பைக் கொண்டுவந்தது. அதன்பிறகு ஒலி அட்டை மதர்போர்டிலேயே ஒட்டிக்கொண்டு இலவசமாக வர ஆரம்பித்தது. எந்த இன்டர்நெட் சென்டர் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் அதற்குள் ஒன்று இருக்கும்.

கேம் விளையாடுபவர்கள் அதில் ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். ஹாம்கள் அதில் வேறொன்றைப் பார்த்தார்கள்: மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஒரு கருவி, எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் இன்னொரு கருவி. அளவுக் கருவி என்று வாங்கப் போனால் ஆய்வுக்கூட விலை, பாட்டுக் கேட்கும் சாமான் என்று வாங்கினால் கடைத்தெரு விலை.

ரேடியோவின் ஸ்பீக்கர் வழியாக வெளியே வரும் ஒலி சுமார் 300 முதல் 2700 ஹெர்ட்ஸ் வரை. ஒலி அட்டைக்கு இது ஜுஜுபி. நொடிக்கு எத்தனை முறை அளக்கிறோமோ அதில் பாதி அதிர்வெண் வரை சரியாகப் பிடிக்கலாம் என்பது விதி. 44,100ல் பாதி 22,050. எனவே ரேடியோவின் ஒலியை நீல ஓட்டையில் கொடுத்துவிட்டால், அதன்பிறகு எல்லாமே கணக்குதான். வடிகட்டி வேண்டுமா? முன்பென்றால் காயிலும் கெப்பாசிட்டரும் தேடி ரிச்சி ஸ்ட்ரீட்டில் அலைய வேண்டும். இப்போது நாலு வரி நிரல் போதும். பிடிக்கவில்லையா, எண்ணை மாற்று. சால்டரிங் அயர்ன் வேண்டாம்.

ஒரே ஒரு சிக்கல். கம்ப்யூட்டரையும் ரேடியோவையும் நேராக ஒயரால் இணைத்தால் இரண்டின் எர்த் இணைப்புகளுக்கு நடுவே சிறு மின்னோட்டம் சுற்றும். 'ம்ம்ம்' என்று கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். அதற்கு நடுவில் சின்ன ஆடியோ டிரான்ஸ்பார்மர் போடுவார்கள். காந்தம் வழியாகச் சைகை தாண்டிப் போகும், ஒயர் தொடர்பு இருக்காது. அனுப்பும் பக்கத்தில் ஒலியின் அளவைக் குறைக்க இரண்டு ரெசிஸ்டர். மொத்த இணைப்புக் கருவியும் அவ்வளவுதான், ஒரு சோப்புப் பெட்டிக்குள் அடங்கும்.

இந்தச் சோப்புப் பெட்டி உலகம் முழுக்கப் பரவக் காரணம் பீட்டர் மார்ட்டினஸ் என்ற ஆங்கிலேய ஹாம். போலந்தைச் சேர்ந்த பாவெல் யலோகா என்ற ஹாம் செய்த சோதனைகளை அடிப்படையாகக் கொண்டு, 1998 டிசம்பரில் பி.எஸ்.கே.31 என்ற முறையை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். விசைப்பலகையில் தட்டினால் அலையில் போகும். எதிர்முனையில் திரையில் எழுத்தாக வரும். ஆரம்பச் சோதனைகள் தனி சிக்னல் பிராசஸர் அட்டைகளில் நடந்தன. விண்டோஸ் ஒலி அட்டைக்கான இலவச நிரல் வந்ததும்தான் கூட்டம் கூடியது.

அதென்ன 31? அந்த முறையின் வேகம் நொடிக்கு 31.25 பிட். ஏன் 31.25? தொலைபேசித் தரத்தில் ஒலியை எண்ணாக்கும் வேகம் நொடிக்கு 8000 மாதிரிகள். 8000-ஐ 256-ஆல் வகுத்துப் பாருங்கள், 31.25 வரும். 256 என்பது கம்ப்யூட்டருக்குப் பிடித்த எண். அதே சமயம், இது ஒரு மனிதன் நிதானமாக டைப் அடிக்கும் வேகத்துக்கும் பொருந்திவிட்டது. மார்ட்டினஸின் கெட்டிக்காரத்தனம் இதுதான்: மனிதக் கையின் வேகமும் சிப்பின் வசதியும் சந்திக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். அலைவரிசையில் அது பிடிக்கும் இடமும் மிகக் குறைவு. ஒருவர் குரலில் பேசும் அகலத்தில் பல ஜோடிகள் ஒன்றையொன்று இடிக்காமல் டைப் அடிக்கலாம்.

இன்னொரு கெட்டிக்காரத்தனம் அவர் வகுத்த எழுத்துக் குறியீடு. அதன் பெயர் வேரிகோடு. மோர்ஸ் போலவே அடிக்கடி வரும் எழுத்துக்குக் குட்டையான குறி, அபூர்வமாக வருவதற்கு நீளமான குறி. ஆங்கிலத்தின் 'இ' எழுத்துக்கு இரண்டே பிட். இரண்டு எழுத்துக்கு நடுவே இரண்டு சுழியம்.

யார் அடிக்கடி எழுதும் எழுத்து? ஆங்கிலம் எழுதுபவருடையது. இங்கே நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 'தமிழ்' என்ற சொல்லை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில் ஐந்து எழுத்தாக அனுப்பினால், இடைவெளிகளையும் சேர்த்து 32 பிட். ஒரு நொடியில் போய்விடும். அதையே யூனிகோடில், யுடிஎஃப்-8 முறையில் தமிழாகவே அனுப்பினால்? த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். அந்த பைட்கள் எல்லாம் வேரிகோடு பட்டியலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் பத்து பிட்டுக்குக் குறையாது. கூட்டிப் பார்த்தால் ஆறு நொடி ஆகிறது. அதே சொல்லுக்கு ஆறு மடங்கு நேரம்!

வேடிக்கை என்னவென்றால், நாம் கைவிட்ட பழைய டிஸ்கி எழுத்துருக் குறியீட்டில் இது ஒன்றரை நொடிக்குச் சற்று மேல் முடிந்துவிடும். அதில் 'த' ஒரு பைட், 'மி' இரண்டு, 'ழ்' ஒன்று. யூனிகோடுக்கு மாறியது சரியான முடிவு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் நொடிக்கு 31 பிட் போகும் குறுகலான சந்தில் எந்தக் குறியீடும் தன் எடையை மறைக்க முடியாது. தமிழில் எந்த எழுத்து அடிக்கடி வருகிறது என்று எண்ணி, நமக்கென ஒரு வேரிகோடு செய்தால் ஒரு நொடிக்குக் கிட்டத்தில் கொண்டுவரலாம். கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர்களே, புராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று புலம்புகிறீர்களே, இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைக் குறியாக்காமல் படமாகவே அனுப்பும் வழியும் இருக்கிறது. ஜெர்மனியின் ருடால்ஃப் ஹெல் 1929ல் காப்புரிமை பெற்ற ஹெல்ஷ்ரைபர் முறை, எழுத்தின் உருவத்தைப் புள்ளிபுள்ளியாக வரைந்து அனுப்பும். இயந்திரங்களோடு செத்துப்போயிருந்த அதை ஒலி அட்டைதான் உயிர்ப்பித்தது. அதற்கு மொழியே தெரியாது. 'ழ'வும் அதற்குக் கோலம்தான்.

மாதிரி வேகம் ரேடியோ முறையில் தன் கைரேகையை விட்டுச் செல்வது பி.எஸ்.கே.யோடு நிற்கவில்லை. ஜோ டெய்லர் என்ற அமெரிக்க இயற்பியலாளர், இரட்டைப் பல்சரைக் கண்டுபிடித்ததற்காக 1993ல் ரஸ்ஸல் ஹல்ஸுடன் நோபல் பரிசு பெற்றவர். அவரும் ஒரு ஹாம். 2001 முதல் டபிள்யூ.எஸ்.ஜே.டி. என்ற இலவச நிரலை வெளியிட்டு வருகிறார். பல்சர் ஆராய்ச்சி என்றால் இரைச்சலுக்குள் புதைந்து கிடக்கும் துடிப்பைக் கணக்கால் தோண்டி எடுப்பது. (நம் ஊட்டியில் 1970 முதல் இயங்கும், 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியிலும் பல்சர்களைத்தான் நெடுங்காலமாகப் பார்க்கிறார்கள்.) அந்த வித்தையை டெய்லர் வீட்டு ஒலி அட்டைக்குக் கொண்டுவந்தார். நிலவில் அலையை மோதவிட்டு இரண்டரை நொடி கழித்துத் திரும்பும் எதிரொலியில் பேசுவது முன்பு மைதானம் அளவு ஆன்டெனா வைத்திருப்பவர்களின் வேலை. அவருடைய ஜே.டி.65 முறையால் கொல்லைப்புற ஆன்டெனாவுக்கும் அது எட்டியது.

ஜே.டி.65ன் வேகம் நொடிக்கு சுமார் 2.69 குறிகள். இந்த விநோத எண் எங்கிருந்து வந்தது? 11,025-ஐ 4096-ஆல் வகுத்தால் வரும். 11,025 என்பது அக்கால ஒலி அட்டைகளின் ஒரு வேகம், சிடியின் 44,100ல் கால்பங்கு. சரி, 44,100 எங்கிருந்து வந்தது? எண்பதுகளுக்கு முன் எண்ணாக்கிய ஒலியைச் சேமிக்க வீடியோ டேப்தான் வசதி. டிவி படத்தின் ஒரு கோட்டுக்கு மூன்று மாதிரி வீதம் எழுதினார்கள். அமெரிக்க, ஜப்பானிய முறையில் 3 x 245 x 60 = 44,100. ஐரோப்பிய முறையில் 3 x 294 x 50, அதுவும் 44,100. ஆக, நிலவில் மோதித் திரும்பும் சைகையின் வேகத்தை வீடியோ கேசட் நிர்ணயித்திருக்கிறது! இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

இதுவரை சொன்னதில் ஒலி அட்டை ரேடியோவுக்குத் துணைக்கருவிதான். அடுத்த படி, அதுவே ரேடியோவாக மாறுவது. 2002ல் ஜெரால்ட் யங்பிளட் என்ற ஹாம், க்யூ.இ.எக்ஸ். இதழில் 'எல்லோருக்குமான மென்பொருள் ரேடியோ' என்ற பொருளில் ஒரு கட்டுரைத் தொடர் எழுதினார். வானலையைக் கொஞ்சம் கீழே இறக்கி ஒலி அட்டையில் கொடுத்துவிடுங்கள், எந்த நிலையம் வேண்டும் என்பதைக் கூட மென்பொருளே தேர்ந்தெடுக்கும் என்பது அதன் சாரம். இதற்கு லைன்-இன்னின் இடது, வலது என்ற இரண்டு சேனல்களும் வேண்டும். ஏன் இரண்டு?

செக்கு மாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தரையோடு கண்ணை வைத்து ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மாடு இடமும் வலமுமாகப் போய் வருவது மட்டும்தான் தெரியும். எந்தத் திசையில் சுற்றுகிறது என்று சொல்ல முடியாது. கால்வட்டம் தள்ளி இன்னொருவரை உட்கார வைத்து, இருவரும் பார்த்ததைச் சேர்த்தால் திசை தெரிந்துவிடும். ரேடியோவில் அந்த இரண்டு பேர்தான் ஐ, க்யூ என்னும் இரு சைகைகள். நடு அதிர்வெண்ணுக்கு மேலே உள்ள நிலையம் ஒரு திசையில் சுற்றும், கீழே உள்ளது எதிர்த் திசையில். ஒற்றைக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகக் குழம்பும். பாட்டின் இனிமைக்காக வைத்த ஸ்டீரியோ, இங்கே இரண்டு பார்வையாளர்களாக வேலை பார்க்கிறது. டோனி பார்க்ஸ் விற்ற சாஃப்ட்ராக் என்ற சின்ன கிட் இந்த அடிப்படையில்தான் ஓடியது. அதையும் ஒலி அட்டையையும் வைத்து, அலைவரிசையின் ஒரு பெரிய துண்டைத் திரையில் அருவி போல விழவிட்டுப் பார்க்கலாம்.

அருவித் திரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் நிலையங்களை விட நம் வீட்டுக் குப்பை அதிகம். எங்கள் குடிகாடு மாதிரி சிப்காட்டை ஒட்டிய ஊர் என்றில்லை, கடலூர், சிதம்பரம் எங்கேயானாலும் எல்இடி பல்பு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் கோடுகோடாகத் தெரியும்.

நம் மாவட்டத்தைச் சொன்னதும் ஒரு நியாயமான கேள்வி வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த நாளில் இந்த வித்தையெல்லாம் எதற்கு உதவியிருக்கும்? அன்று போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் இருந்தார். பல வருஷமாக அனுமதி கிடைக்காத அந்தமானிலிருந்து உலக ஹாம்களோடு பேசப் போனவர், தொலைபேசிகள் செத்த பிறகு நிலையத்தை அவசரத் தொடர்புக்குத் திருப்பினார். தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே உறவினர் பற்றிய தகவல்கள் அந்த வழியாகப் போயின. அந்த வேலையைச் செய்தது பெரும்பாலும் குரல்தான். கம்ப்யூட்டர் நிலையம் என்றால் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபின் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கார் பேட்டரியும் மைக்கும் மோர்ஸ் சாவியும் ஓடும் இடத்தில் டெஸ்க்டாப் ஓடாது. ஒலி அட்டை முறைகளின் ரசிகனாக இருந்தாலும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் புயல் வருவதற்கு முந்தைய நாட்களில் கதை வேறு. அமெரிக்காவின் நோவா செயற்கைக்கோள்கள் மேகப்படத்தை 137 மெகாஹெர்ட்ஸில் சும்மா கொட்டிக்கொண்டே போகும். நொடிக்கு இரண்டு கோடு, படத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஒரு 2400 ஹெர்ட்ஸ் விசில் சத்தம். கம்பியை வளைத்துச் செய்த ஆன்டெனா, ஒரு ரிசீவர், 11,025 வேகத்தில் ஒலியைப் பதியும் அட்டை, இவை இருந்தால் வங்காள விரிகுடாவின் மேகச்சுழியை நம் வீட்டிலேயே கோடு கோடாக வரையவிடலாம். வானிலை இலாகாவின் படத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இருபது வருஷத்துக்கு மேல் உலகெங்கும் மாணவர்களின் முதல் செயற்கைக்கோள் அனுபவம் இதுதான். அந்த வரிசையில் மிஞ்சியிருந்த நோவா-15, 18, 19 மூன்றையும் 2025ல் நிறுத்திவிட்டார்கள்.

நம்முடைய செயற்கைக்கோள்களும் உண்டு. 2005 மே 5, ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாம் ஏவுதளத்திலிருந்து முதல் முறையாகக் கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-6, கார்ட்டோசாட்-1 உடன் ஹாம்சாட் என்ற 42.5 கிலோ குட்டியையும் கொண்டுபோனது. அப்துல் கலாம் குடியரசுத் தலைவராக நேரில் இருந்து பார்த்தார். ஹாம்களுக்கென்றே இஸ்ரோ செய்தது அது. அதிலிருந்த இரண்டு டிரான்ஸ்பாண்டர்களில் ஒன்றை இந்திய ஹாம்கள் செய்தார்கள். மற்றொன்றைச் செய்த வில்லியம் லெய்னார் நெதர்லாந்தில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மாணவர். ஆம், நம்மைப் போல ஒரு மாணவர்! இரண்டு வருஷம் ஓடினால் போதும் என்று அனுப்பிய செயற்கைக்கோள், பேட்டரி பழுதாகி 2014 ஜூலையில் அடங்கும் வரை ஒன்பது வருஷம் ஓடியது.

பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் (2009), எஸ்.ஆர்.எம்.சாட் (2011), சத்யபாமாசாட் (2016) என்று தமிழ்நாட்டு மாணவர்களின் செயற்கைக்கோள்கள் வரிசையாகப் போயின. எஸ்.ஆர்.எம்.சாட் தன் இருப்பை மோர்ஸில் தட்டிக்கொண்டே சுற்றியது. அதைக் காதால் கேட்டு எழுதிக்கொள்ளலாம், ஒலி அட்டை வழியாகத் திரையிலும் படிக்கலாம்.

இன்று ஹாம் அலைவரிசைகளில் அதிகம் கேட்பது டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கும் 2017ல் வெளியிட்ட எஃப்.டி.8. 15 நொடிக்கு ஒரு முறை ஒருவர் அனுப்ப, மற்றவர் கேட்பார். வேகம் நொடிக்கு 6.25 குறிகள். இதுவும் 12,000-ஐ 1920-ஆல் வகுத்து வந்ததுதான். காதுக்கு ஒன்றுமே கேட்காத இரைச்சலிலிருந்து அழைப்புக்குறியை எடுத்துத் தரும். இதை உரையாடல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, வருகைப் பதிவேட்டில் 'உள்ளேன் ஐயா' சொல்வது மாதிரி இருக்கிறது. நம் சொந்த வார்த்தைக்கு அதில் 71 பிட் இடம் உண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், சில நிறுத்தக்குறி எல்லாம் சேர்த்து 42 குறிகள், அதில் 13 அனுப்பலாம். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. நம் 247 எழுத்தையும் ஓர் இடைவெளியையும் அதே 71 பிட்டுக்குள் அடக்கினால் எட்டு எழுத்து போகும். 'வணக்கம்' என்பது ஐந்து எழுத்து. இன்னும் மூன்று மிச்சம் இருக்கும்.

கடைசியாக ஹைதராபாத். அஷ்ஹர் ஃபர்ஹான் 2000களின் தொடக்கத்தில் வடிவமைத்த பிட்எக்ஸ், எங்கும் கிடைக்கும் சாமான்களை வைத்து யாரும் கட்டக்கூடிய ரேடியோ. காயில் சுற்றும் காந்த வளையம் நம் ஊரில் கிடைப்பது கஷ்டம் என்று தண்ணீர்க் குழாயின் வாஷரில் சுற்றச் சொன்னார். மேலைநாட்டு ஹாம்களும் அதை விரும்பிக் கட்டினார்கள். அவருடைய பிந்தைய படைப்பு எஸ்பிட்எக்ஸ். அதற்குள் ஒரு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர், அதன் பக்கத்தில் நொடிக்கு 96,000 முறை அளக்கும் டபிள்யூ.எம்.8731 என்ற சிப். பாட்டுப் பெட்டிகளுக்காகச் செய்த ஒலிச் சிப் அது. நீல ஓட்டை மட்டும் இல்லை. ஆன்டெனாவிலிருந்து வருவது சர்க்யூட் போர்டு வழியாக நேராக அதற்குள் போய்விடுகிறது.